இன்னாசியின் சைபர்

ஜெபசீலி ஒருவரை நம்புவதற்கு முன்னால் அவருடைய செருப்பைப் பார்ப்பாள். இடுப்பு வலி என்று நொண்டிக்கொண்டு வருகிறவரின் செருப்பு இரண்டு காலிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், அந்த நொண்டல் அவளுடைய அறை வாசலில்தான் ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். தூத்துக்குடி கீழைக்கடல் சரக்கு முனையத்தில் மருத்துவ விடுப்புச் சரிபார்ப்பு அலுவலராக ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் இல்லாத வயிற்று வலி, செத்துப்போகாத மாமனார், கட்டுக்குள் காயமே இல்லாத கை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் வலிமானி வந்த பிறகு வேலை லேசாகிவிட்டது. ஒரு ரூபாய் அளவில் மெல்லிய வில்லை. பிடரியில் ஒட்டிவிட்டால் நரம்பில் ஓடும் வலியைப் படித்து, சைபரிலிருந்து நூறு வரை ஓர் எண்ணாகச் சொல்லும். நாற்பதுக்கு மேல் போனால் சம்பளத்தோடு விடுப்பு, இலவச வைத்தியம். கீழே இருந்தால் வேலைக்குப் போக வேண்டியதுதான். 'வாய் பொய் சொல்லும், நரம்பு சொல்லாது' என்று அவளுடைய அறைச் சுவரிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள்.

இன்னாசியின் எண் ஒருநாளும் பதினைந்தைத் தாண்டியதில்லை.

அவனுக்கு இருபத்தேழு வயது. கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் சரியாமலிருக்க, இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற கூட்டத்தில் ஒருவன். மூன்று மாதத்தில் பதினான்கு நாள் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே காரணம்: காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கூட வேலை செய்கிறவர்களே புகார் சொன்னார்கள். காலையில் முதுகு பிடித்துக்கொள்கிறதாம். சாயங்காலம் கடலில் நீந்துகிறானாம்.

அவன் வேலைக்கு வராத ஒரு நாள் சாயங்காலம் ஜெபசீலி நேரில் போய்ப் பார்த்தாள். நங்கூரமிட்ட விசைப்படகுகள் வரை நீந்திப் போய்த் திரும்பி வந்தான். கரையேறி, தலையை உதறி, யாரோ சொன்னதற்குச் சிரித்தான். அத்தனையையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் விசாரணைக்குக் கூப்பிட்டு அந்தப் படத்தை அவன் முன்னால் ஓடவிட்டாள்.

"இது யாரு இன்னாசி?"

"நாந்தான் மேடம்."

"நேத்துக் காலைல முதுகு வலின்னு லீவு."

"ஆமா மேடம். காலைல வலிச்சுச்சு."

"சாயங்காலம் மாயமாப் போயிருச்சோ?"

அவன் ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடது கண் செக்கச்செவேல் என்றிருந்தது. நீர் வழிந்தது. "அசைஞ்சாத்தான் மேடம் எனக்கு நல்லாருக்கு. நடந்தா, நீந்துனா கொஞ்சம் கொஞ்சமா இளகும். படுத்தாத்தான் வலி. விடியக்காலம் பாத்து, அடி முதுகுல ஆணி அடிச்சு வச்ச மாதிரி இருக்கும்."

படுத்தால் வலிக்கிறது, வேலை செய்தால் சரியாகிறது என்று சொல்லி விடுப்புக் கேட்ட ஒருவரை அவள் இதுவரை சந்தித்ததில்லை.

"அப்ப வேலைக்கு வந்தாலே சொகமாயிருமே. லீவு எதுக்கு?"

"வந்து சேரணும்லா மேடம்."

அவள் அவனுடைய சிவந்த கண்ணைச் சுட்டிக் காட்டினாள். "ராத்திரி எவ்வளவு?"

"குடிக்க மாட்டேன் மேடம். கண்ணு அஞ்சு நாளா இப்படித்தான். வெளிச்சமே பாக்க முடியல. கண் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதித் தந்தீங்கன்னா..."

ஊதச் சொன்னாள். கருவி ஒன்றும் காட்டவில்லை. ராத்திரி குடித்தது காலையில் ஊதினால் சில சமயம் தெரியாமல் போகும் என்பது அவளுடைய அனுபவம். கோப்பில் 'மதுப் பழக்கம் இருக்கக்கூடும்' என்று எழுதினாள். விசாரணை முடியாமல் மருத்துவச் சீட்டு தர விதியில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஒரே ஒரு வேலை பாக்கியிருந்தது. விதிப்படி, முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். எழ முடியவில்லை என்று சொல்கிற நேரத்திலேயே போய்க் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் வேலைநீக்கக் கடிதத்துக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

அதிகாலை ஐந்தேகாலுக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். ஓட்டு வீடு, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். கதவைத் திறந்தவள் தங்கை ஜெனோவா. இருபத்திரண்டு வயதிருக்கும். அலுவலக அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"அண்ணன் இன்னும் எந்திக்கல மேடம். கொஞ்சம் இருங்க."

"எந்திக்கிறதைப் பாக்கத்தான் வந்தேன்."

இன்னாசி பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். ஜெனோவா ஒரு துண்டை முறுக்கி அவன் கையில் கொடுத்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவன் முழங்கால்களை இழுத்துக்கொண்டான். பல்லைக் கடித்தான். ஒரு பக்கமாக உருண்டான். எழுந்து நிற்க இருபது நிமிடம் ஆயிற்று. நின்ற பிறகும் பக்கத்தில் நின்ற ஜெபசீலியைப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. உடம்போடு சேர்ந்து திரும்பினான்.

கையிலிருந்த பலகைக் கணினியில் அவனுடைய வலிமானியைப் பார்த்தாள். பதினொன்று.

அண்ணனும் தங்கையும் நன்றாகத்தான் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வருவதை அலுவலகத்திலிருந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார்? வாயில் காவலரா, கணினி அறைப் பையன்களா? ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு திரும்புகிற வழியெல்லாம் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள்.

அதனால் அடுத்த முறை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தாள். கதவைத் தட்டவில்லை. ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்ன விளக்கு. ஜெனோவாவைக் காணவில்லை, குழாயடிக்குப் போயிருக்கலாம்.

இன்னாசி தனியாகத்தான் கிடந்தான். கைகளை ஊன்றிப் பார்த்தான், முடியவில்லை. குப்புறப் புரண்டு, முழங்கைகளால் தரையில் ஊர்ந்து சுவர்ப் பக்கம் வந்தான். சுவரில் ஒரு கொடிக்கம்பி ஆணி இருந்தது. அதைப் பிடித்து, ஒரு கால், பிறகு இன்னொரு கால். பாதியில் நின்று நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டான். சத்தம் வெளியே வரக் கூடாதென்றோ என்னவோ சட்டைக் காலரை வாயில் கவ்வியிருந்தான். நின்று முடித்ததும் சுவரைப் பிடித்தபடி அறைக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தான். போனான், வந்தான். பத்தாவது நடையில் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. இருபதாவதில் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

ஜெபசீலி ஜன்னலோரமே நின்றாள். பார்க்க ஆளில்லாத இடத்தில் யார் நடிப்பார்கள்? பலகைக் கணினியை எடுத்துப் பார்த்தாள். அப்போதும் பதினொன்று.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு வலிமானி மீது சந்தேகம் வந்தது.

*

வலிமானிகளைப் பராமரிக்கிற தினகர் கணினி அறையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"மெஷின் கெட்டுப்போயிருக்கா தினகர்?"

"கெட்டா எண்ணே வராதுக்கா. இது ஒழுங்காத்தான் இருக்கு."

"மனுசன் தரையில ஊர்ந்து போறான். பதினொண்ணு காட்டுது."

தினகர் இன்னாசியின் பதிவைத் திறந்தான். "அவருக்கு அந்நேரத்துக்கு அதுதான சைபர்."

"சைபர்னா?"

"முதல்ல ஒட்டுனதும் ஒரு வாரம் சும்மா பாத்துக்கிட்டிருக்கும்கா. இந்த ஆளுக்குக் காலை அஞ்சு மணிக்கு வழக்கமா எப்படி இருக்கும், பத்து மணிக்கு எப்படி இருக்கும்னு படிச்சுக்கும். அதை அந்தந்த நேரத்துக்குச் சைபர்னு வச்சுக்கிடும். அதுக்கு மேல ஏறுனாத்தான் வலி."

"எதுக்கு அப்படி?"

"இல்லாட்டி ஹார்பர்ல யாருக்குத்தான்கா முதுகு வலிக்காது? எல்லாருக்கும் நாப்பதுக்கு மேல காட்டும். வழக்கமான அலுப்பைக் கழிச்சுத் தாங்கன்னு நம்ம கம்பெனிதான கேட்டு வாங்குச்சு."

ஜெபசீலி திரைப் பக்கம் குனிந்தாள். "அவனுக்கு வலி மெஷின் வர்றதுக்கு முன்னாடியே இருந்திருந்தா?"

"அப்ப அந்த வலிதான் அவருக்குச் சைபர்."

"கழிக்காம எவ்வளவுன்னு பாக்க முடியுமா?"

பார்க்கக் கூடாது என்றான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து இரண்டு பொத்தானைத் தட்டினான். காலை ஐந்து மணி: எழுபத்தெட்டு.

"எழுபத்தெட்டுன்னா எவ்வளவு தினகர்?"

"போன மாசம் கிரேன்லேர்ந்து விழுந்து தொடை எலும்பு முறிஞ்சாரே ஒருத்தர், அவருக்கு எண்பத்தொண்ணு."

பிரித்த இட்லியை அவன் அப்புறம் தொடவில்லை.

*

பாளையங்கோட்டையில் டாக்டர் ஷமீலா வாதநோய் மருத்துவர். இன்னாசியை ஜெபசீலியே காரில் அழைத்துக்கொண்டு போனாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல், அவளை நம்பாமலேதான் வந்தான். இதுவும் ஒரு பொறிதான் என்று நினைத்திருப்பான். அவன் இடத்தில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

டாக்டர் அவனைக் குனியச் சொன்னார், சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார், மூச்சை இழுத்து நெஞ்சை விரிக்கச் சொன்னார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வந்ததும் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"முதுகுத்தண்டு இறுக்கவாதம்னு சொல்வோம். இடுப்பும் முதுகெலும்பும் சேர்ற மூட்டு இருக்கு பாருங்க, அங்க ஆரம்பிக்கும். கிருமி வந்தா சண்டை போட வேண்டிய உடம்பு, கிருமியே வராம தன் மூட்டையே எதிரின்னு நினைச்சு எரிக்குது. பெரும்பாலும் இளவயசுலதான் தொடங்கும்."

"வயசாளிக்குத்தான வாதம் வரும்?" என்றான் இன்னாசி.

"இது அப்படியில்ல தம்பி. எப்ப ஆரம்பிச்சது?"

"பத்தொம்போது வயசுல. பளு தூக்குனதுன்னு எண்ணெய் தேச்சாங்க."

"எட்டு வருசம்." டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "சாதாரண முதுகு வலி படுத்தா குறையும். இது ஓய்வெடுத்தா கூடும், அசைஞ்சா குறையும். அதனாலயே யாரும் நம்ப மாட்டாங்க. விட்டுட்டா எலும்போட எலும்பு ஒட்டி, முதுகே ஒரே கம்பாட்டம் ஆயிரும். நல்லவேளை, உங்களுக்கு அவ்வளவு தூரம் போகல. மாத்திரை, ஊசி, தினமும் உடற்பயிற்சி. நீந்துறீங்களா?"

இன்னாசி ஜெபசீலியைப் பார்த்தான். "நீந்துவேன்."

"விடாம நீந்துங்க. அதுதான் உங்களை இவ்வளவு நாள் நிமிர்த்தி வச்சிருக்கு." டாக்டர் அவனுடைய கண்ணருகே விளக்கைக் கொண்டுபோனவர், சட்டென்று நிறுத்தினார். "இந்தக் கண் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பதினெட்டு நாள்."

"இதுவும் அந்த நோயோட வேலைதான். கண்ணுக்குள்ள அழற்சி. முதல் நாளே சொட்டு மருந்து போட்டிருக்கணும். டாக்டரைப் பாக்கலையா?"

"சீட்டு தரல."

"யார் தரல?"

"நான்தான்" என்றாள் ஜெபசீலி.

டாக்டர் கண் மருத்துவருக்குக் கடிதம் எழுதி, "இன்னைக்கே" என்று மட்டும் சொல்லி நீட்டினார்.

சிவப்பு இரண்டு வாரத்தில் போயிற்று. ஆனால் இடது கண் பார்வையில் ஒரு மங்கல் தங்கிவிட்டது. தூரத்தில் நிற்கிற கப்பலின் பெயரை அந்தக் கண்ணால் இனி அவனால் படிக்க முடியாது. 'மதுப் பழக்கம் இருக்கக்கூடும்' என்று எழுதிய வரியை ஜெபசீலி அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அடித்த பிறகும் எழுத்து தெரிந்தது.

*

அவள் எழுதிய அறிக்கை பதினாறு பக்கம். சைபர் எப்படித் தப்பாகிறது, நாள்பட்ட வலியை மானி எப்படி விழுங்குகிறது, தன் கையாலேயே தள்ளுபடி செய்த எத்தனை பேரை மறுபடியும் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விலாவாரியாக எழுதியிருந்தாள். பணியாளர் மேலாளர் வேங்கடரமணி தூக்கி எறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். சண்டை போடத் தயாராகவே போனாள்.

அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"பிரமாதம் ஜெபசீலி. இது எங்க யாருக்கும் தோணலையே. அந்தப் பையன் மேல விசாரணையை உடனே ரத்து பண்ணிடுங்க. வைத்தியம் முழுக்க நம்ம பொறுப்பு."

"பழைய கோப்பெல்லாம், சார்?"

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல இந்தக் கழிக்காத எண் இருக்கே, அது ரொம்ப உபயோகமான விஷயம்."

படியிறங்கும்போது ஜெபசீலி பாதியில் நின்றாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற மனிதர் இல்லையே இவர்.

பழைய கோப்புகளை யாரும் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் புதிய ஆள் எடுப்புக்கான விதிமுறை வந்தது. விண்ணப்பிக்கிறவர்கள் மூன்று நாள் வலிமானி ஒட்டிக்கொள்ள வேண்டும். கழிக்காத எண் காலை நேரத்தில் இருபத்தைந்தைத் தாண்டினால் வேலை கிடையாது. கேள்வித்தாளில் பதினேழாவதாக ஒரு புதுக் கேள்வி: பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது முதுகுத்தண்டு வாதம் உண்டா? கீழே, அவளுடைய அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்திலிருந்து இரண்டு பத்தி அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

நோயாளியை நம்பச் சொல்லி அவள் எழுதியதை வைத்தே நோயாளியை வாசலில் நிறுத்த வலை பின்னியிருந்தார்கள்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜெனோவா அவளுடைய வீட்டுக்கு வந்தாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"கிரேனை உக்காந்த இடத்துலேர்ந்து கம்ப்யூட்டர்ல ஓட்டுற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன் மேடம். பரீட்சையில பாஸாயிட்டேன். இனி மானிதான்."

"உக்காரு. உனக்கு உடம்புக்கு ஏதும் உண்டா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

ஜெபசீலி காத்திருந்தாள். பொய்க்குப் பிறகு வரும் மௌனத்தை எவ்வளவு நேரம் நீட்டினால் உண்மை வெளியே வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"காலைல மட்டும் கொஞ்சம் இறுக்கும்" என்றாள் ஜெனோவா. "முக்கா மணி நேரம். அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவன் உடைஞ்சு போயிருவான்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசமா. பொம்பளைக்கு இதெல்லாம் வராதுன்னாங்க. அப்புறம் அண்ணன் ஸ்கேன் பாத்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "அவன் போடுற ஊசி எனக்கும் வேணும்னா, அந்த வேலை வேணும் மேடம். வெளியில வாங்க எங்களால முடியாது. வேலைக்குச் சேந்தாத்தான் மருந்து. மருந்து வேணும்ங்கிற ஆளுக்கு வேலை இல்ல."

ஜெபசீலி எழுந்து போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து டாக்டரின் விலாசத்தை எழுதினாள்.

"நாளைக்கே டாக்டர் ஷமீலாவைப் போய்ப் பாரு. நான் போன் போட்டுச் சொல்லுதேன். அவங்க சொல்லுற மாத்திரை, சொல்லுற நேரம். பயிற்சியை ஒரு நாள் விடாத. ஒரு மாசம் கழிச்சு, உடம்பு இளகுன பிறகு, மானி ஒட்டத் தேதி கேளு. தேதி போடுறது என் கையிலதான். அந்த மூணு நாளும் நாலு மணிக்கே எந்திச்சு நடந்துரு. சுடுதண்ணில குளி. அஞ்சரைக்கு முன்னாடி உக்காராத."

"மானியை ஏமாத்தலாமா மேடம்?"

"ஏமாத்தல. வைத்தியந்தான் பாக்கோம்." ஜெனோவா கொண்டுவந்திருந்த கேள்வித்தாளை எடுத்து ஒரு கேள்வியை விரலால் தொட்டாள். "இதுதான் ஏமாத்து. பதினேழாவது. இல்லன்னு போடு."

ஜெனோவா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அண்ணன் அங்கேயேதான வேலை பாக்கான்? கண்டுபிடிச்சிர மாட்டாங்களா?"

"அதைச் சரிபாக்குற ஆளு நான்தான்."

*

நேர்முகத்தில் ஜெனோவா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் மூன்று நாள் எண்களும் இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்துமூன்று என்றிருந்தன. குடும்பத்தில் யாருக்கும் வாதம் உண்டா என்று ஜெபசீலியே கேட்டாள். இல்லை என்று சொன்னபோது பெண்ணின் கண்ணிமை இரண்டு தடவை துடித்தது. பொய் சொல்லத் தெரியாத பெண். முன்பெல்லாம் என்றால் அந்தத் துடிப்பு ஒன்றுக்கே ஜெபசீலி கோப்பை மூடியிருப்பாள்.

ஜெனோவா வெளியே போனதும் வேங்கடரமணி விண்ணப்பத்தை மறுபடியும் புரட்டினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"கண்டெய்னர் கட்டுற அந்த லாஷிங் பையன் இன்னாசி, அவனும் இதே தெருதானே? அப்பா பேரும் ஒண்ணா இருக்கே. ராயப்பன்."

"அந்தத் தெருவுல ராயப்பன் நாலு பேர் இருக்காங்க சார்" என்றாள் ஜெபசீலி. நாக்கு தடுக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நேர்லயே போய் விசாரிச்சேன். காலைல அஞ்சு மணிக்குப் போய்ப் பாத்தேன்."

அவர் ஒரு கணம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீங்க பாத்துட்டீங்கன்னா சரி. உங்களை மீறி இங்க யாராவது பொய் சொல்லிட முடியுமா?"

கையெழுத்துப் போட்டு விண்ணப்பத்தை அவள் பக்கம் தள்ளினார்.